சூடு தெரியாத விரல்

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை. மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில், இரும்புப் பட்டறையில் உலையடியில் வேலை செய்யும் ஒருவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

"நேத்து காருக்கு ஜுரம் பாக்க எம் பொண்டாட்டியக் கூப்ட்டேன்."

"எந்தக் காரு? ஏலத்துல எடுத்தியே, அந்த ஃபாரின் வண்டியா?"

"அதான். கிளச்சு கெடயாது, கியரு தானா மாறும். அந்த கியர் ஆயில நானே மாத்திட்டேன்."

"மெக்கானிக்கு தொடாதேன்னானே!"

"அவன் இன்னா சொல்றது? என் வண்டி, நான் தொடுவேன். ஆயில் சூடானாதான் அளவு பாக்கணும். அளவுக் குச்சிய உருவித் தொட்டா, விரல் வெக்க முடியாம சுடணும்னு புக்குல போட்டுகீது. நான் தொட்டுகினே கீறேன், சுடவே இல்ல. இன்ஜின் அது பாட்டுக்கு ஓடுது. அவ வந்து தொட்டா, 'ஐயோ'ன்னு கைய ஒதறினா. அப்பறம்தான் அளவு பாத்தேன். கரீட்டா கீது."

"உன் கை செத்துப்போச்சு நைனா. மெக்கானிக் சொன்னது சரிதான்."

அவர் காய்த்துப்போன கையை விரித்துக் காட்டினார்.

"இந்த செத்த கைதான் வண்டிய ஓட வெச்சுது. அவன வந்து பாக்கச் சொல்லு."

"ஓடுதுன்னா நீ ஏன் பஸ்ல வர்றே?"

"வண்டிய அவ எடுத்துகினு போயிட்டா."

"பொம்பள கையிலயா குடுத்தே?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"சுடுதுன்னு தெரிஞ்சவகிட்டதான்யா சாவி இருக்கணும்!"