முப்பத்தைந்து வினாடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. எனக்குப் பில்லியர்ட்ஸ் விளையாட வராது. பத்தொன்பது வருஷமாக அந்த மேஜைகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் நான் கியூ குச்சியைப் பிடித்தால், நினைத்த திசைக்கும் பந்து போகிற திசைக்கும் ஸ்நானப் பிராப்தி இருக்காது. "நீச்சல் தெரியாம நீச்சல் குளத்துக்குக் காவல் நிக்கறீங்களே" என்று என் மனைவி சிரிப்பாள்.

நான் நடுவர். ஆடுகிறவர் பந்தைப் பார்த்தால் போதும். நடுவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிறார். பரவாயில்லை, அவசரமில்லை. அவர் வேகத்துக்கே சொல்கிறேன்.

எங்கள் மன்றத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கார் உதிரிபாகக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. பத்து மேஜை. துணிமேல் வெயில் விழக்கூடாது என்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே போய்விட்டால் மணி என்ன என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேஜையின் தலைமாட்டில், தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய ஒரு சதுரம் இருக்கிறது. இரண்டு ஜோடி செருப்பு வைக்கிற அளவு. ஆட்டம் முடிகிறவரை நடுவர் அந்தச் சதுரத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. கதவு கண்ணெதிரில் இருக்கும். கால் இரண்டும் நன்றாக இருக்கும். போக முடியாது. அவ்வளவுதான்.

இப்போது நிதானம் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

அவர் தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மன்றத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. நிதானம் என்றால்தான் திரும்புவார். கியூ முனையில் நீலச் சாக்கட்டியைத் தேய்ப்பார். மேஜையை ஒரு சுற்று சுற்றுவார். குனிந்து குறி பார்ப்பார். அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடிக்கும்போது எழுந்துவிடுவார். மறுபடி சாக். மறுபடி ஒரு சுற்று. குழி வாயில் நிற்கிற பந்துக்கும் இதே சடங்குதான்.

"அண்ணே, தீப்பிடிச்ச வீட்டுக்கும் இப்படித்தான் போவீங்களா?" என்று கேட்பார்கள்.

"வேலையில பூரா ஓடியாச்சு தம்பி. இங்கயாவது நின்னு நிதானமா யோசிக்கறேனே" என்பார். சொல்லிவிட்டு இன்னொரு சுற்று.

அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். எதிராளியை எரிச்சல்படுத்த வேண்டும் என்று மெதுவாக ஆடுகிறவர்கள் உண்டு. இவர் அப்படி இல்லை. அடுத்தவர் நேரம் தன் கையில் இருக்கிறது என்பதே அவருக்கு உறைக்காது.

போன வருஷம் அரையிறுதி. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஆட்டம். என் மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூச்சுத் திணறல். காலையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தாள். "போயிட்டு சாயந்திரம் வாங்க, வரும்போது என் சீப்பை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நாலு மணிக்கு மேல் என் கோட்டின் இடது பையில் போன் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நிதானம் குனிந்திருந்தார். எழுந்தார். சுற்றினார். நான் சதுரத்துக்குள் நின்றேன். விலா எலும்புக்குப் பக்கத்தில் ஒரு வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆட்டம் ஆறு இருபதுக்கு முடிந்தது. அவள் ஐந்து ஐம்பதுக்குப் போயிருந்தாள். "வந்துட்டாரா, வந்துட்டாரான்னு வாசலையே பாத்துட்டிருந்தாங்க மாமா" என்றாள் கொழுந்தியாள். என் பையில் சீப்பு இருந்தது.

இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொன்னேன். பழி வாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பழி வாங்குகிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கு நாடித் துடிப்பு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நிதானம் துக்கம் விசாரிக்க வந்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று முறை வாயைத் திறந்து மூடினார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மெதுவான ஆட்டம் மன்றத்தையே கெடுக்கிறது, ஒரு அடிக்கு முப்பத்தைந்து வினாடி என்று வரம்பு வையுங்கள், இருபத்தைந்தாவது வினாடியில் நடுவர் எச்சரிக்கட்டும், தாண்டினால் ஃபவுல், எதிராளி வெள்ளைப் பந்தை எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு இடைவேளை, ஐந்து நிமிஷம். கமிட்டியில் எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். நிதானமும் தட்டினார். "எனக்குன்னே தைச்ச சட்டை மாதிரி இருக்கு சார்" என்றார். ஸ்டாப் வாட்ச்சை என் கையில் கொடுத்தார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர் பழகிக்கொண்டார். முப்பத்துநாலாவது வினாடியில் அடிப்பார். எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? முப்பத்துநாலு. முப்பத்துநாலு. அந்த ஒரு வினாடியை வைத்துக்கொண்டு இந்த வருஷம் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார்.

இடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னார். ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே ஏழு மாத்திரை.

"வலி வந்தா நாக்குக்கு அடியில ஒண்ணு வெச்சுக்கணும் சார். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். வீட்ல பொண்ணுக்குத் தெரியும், இங்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பசங்களுக்குத் தெரிஞ்சா பாவம் பாத்து விட்டுக்கொடுத்து ஆடுவானுங்க."

ஆடுகிறவர்கள் சட்டைப் பையில் எதையும் வைத்திருக்கக்கூடாது. குனியும்போது விழுந்து பந்தில் பட்டால் ஃபவுல். ஆகவே சாவி, பேனா, சில்லறை எல்லாவற்றையும் நடுவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் டப்பாவை ஒப்படைத்தார்.

"உங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருக்கற மாதிரி சார்."

இடது பையில் போட்டுக்கொண்டேன். அதே கோட்டு. அதே பை.

இறுதிப் போட்டி ஞாயிறு மதியம். எதிராளி கூரியர் வண்டி ஓட்டுகிற பையன். மின்னல் என்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அடித்துவிடுவான். முதலில் ஒன்பது சுற்று ஜெயிப்பவருக்குக் கோப்பை. எட்டுக்கு எட்டு என்று வந்து நின்றது. கடைசிச் சுற்று. நிதானம் தன் ஐந்து நிமிஷ இடைவேளையை முன்பே எடுத்து முடித்திருந்தார்.

மேஜையில் மூன்று பந்து பாக்கி. ஏழாம் எண் நடுக் குழிக்கு நேராக நின்றது. நானே போட்டுவிடலாம், அவ்வளவு சுலபம். நிதானம் சாக் தேய்த்தார். சுற்றினார். குனிந்தார். இடது கையை மேஜை விளிம்பில் ஊன்றினார். கியூ அசையவில்லை.

மற்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. முகம் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

உதடு வெளுத்துவிட்டது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி, பச்சைத் துணியில் கறுப்பாக ஒரு வட்டம் பரவியது. விளக்குக் கொக்கியில் மாட்டின மாதிரி அப்படியே நின்றார்.

"சார்... டப்பா" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

வாட்ச்சைப் பார்த்தேன். இருபத்தைந்து.

"பத்து வினாடி" என்றேன்.

பின்னால் சிரிப்பு எழுந்தது. "ஆரம்பிச்சிட்டாருய்யா." "யாராவது ஒரு தலகாணி குடுங்கப்பா, தூங்கி எழுந்து அடிப்பாரு." இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகளும் சிரித்தாள். அப்பாவின் குறும்பைப் பார்க்கிற சிரிப்பு. அந்த அரங்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள் ஐயா. ஒரு மனுஷன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல மெதுவாக ஆடுகிறார் என்று நாற்பது பேரும் நினைத்தார்கள். வேறு யார் அப்படி நின்றிருந்தாலும் ஓடி வந்திருப்பார்கள்.

அவர் வலது கையைத் தூக்கி என் இடது பையைக் காட்டினார். "சார்..." கூடுதல் நேரம் கேட்கிறார் என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள்.

"நேரம் முடிந்தது. ஃபவுல்."

அவர் நாற்காலி எட்டு அடி தூரத்தில் இருந்தது. போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரத்துக்கு விதி கிடையாது. இருந்தாலும் எண்ணினேன். இருபத்திரண்டு. உட்கார்ந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்னல் வெள்ளைப் பந்தை வாகாக வைத்து மூன்று பந்தையும் சட்டுசட்டென்று போட்டான். ஐம்பது வினாடிகூட ஆகவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"அண்ணே, கை குடுங்கண்ணே" என்று மின்னல் அவர் முன்னால் போய் நின்றான். "ஏண்ணே, எந்திரிக்கவும் அரை மணி நேரமா?"

முதலில் சிரிப்பு நின்றது அந்த மகளுக்குத்தான்.

மருத்துவக் காரணத்துக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாமே என்று நேற்று கேட்டீர்கள். நிறுத்தலாம். பதினாலாவது விதி. எழுதியதே நான்தான். 'நடுவருக்கு அவசியம் என்று தோன்றினால்' என்று போட்டிருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் தோன்றியது. டப்பாவை விரலால் தொட்டுக்கொண்டேதான் இருந்தேன். மூடியில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்தியது.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது அப்படியே போயிருக்கும். பத்து நாள் கழித்து அவர் மகள் என் வீட்டுக்கு வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், எதையும் உற்றுப் பார்ப்பாள்.

"அங்கிள், அப்பாவோட மாத்திரை டப்பா உங்ககிட்டதான் இருக்கணும். ஞாபகத்துக்கு வெச்சுக்கறேன்."

எப்போதோ தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். திறந்து பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"ஏழும் இருக்கே?"

"ஆமாம்மா."

"வலி வந்தது அப்பாவுக்கே தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"அப்போ கேக்கலையா?"

"ரெண்டு தடவை கேட்டார்."

நடுவர் பொய் சொல்லக்கூடாது ஐயா. அவள் மூடியை மூட முயன்றாள். நசுங்கின மூடி உட்காரவே இல்லை. வெகுநேரம் ஆயிற்று. நான் காத்திருந்தேன். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. போன வருஷம் அரையிறுதியில் என்ன நடந்தது என்று அப்பா வீட்டில் சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

உண்மைதான். எழுதிக்கொள்ளுங்கள்.

என் போன் மூன்றாவது தடவை அதிர்ந்தபோது மணி நாலரைகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிஷம். நிதானம் குனிந்தவர் நிமிர்ந்தார். கியூவை மேஜைமேல் வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சார், உங்க போன் ரொம்ப நேரமா அதிருது. வீட்லேர்ந்தா இருக்கும். போயிட்டு வாங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கயே நிக்கறேன்."

எதிராளியும் தலையாட்டினான். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டார். மாடிப்படியில் வெயில் தெரிந்தது. நாற்பது பேர் முன்னால் ஓர் ஆட்டக்காரர் நடுவருக்கு அனுமதி கொடுக்கிறார்.

"ஆட்டத்தைத் தொடருங்க" என்றேன்.

அவர் கியூவை எடுத்துக்கொண்டார். கதவை மூடிவிட்டார்கள்.

இருக்கட்டும் ஐயா. ஆனால் அவர் என்னைப் போகச் சொன்னார் இல்லையா? அதைச் சொல்லி முடிக்கவே அவருக்குப் பதினோரு வினாடி ஆயிற்று.