ஃபத்தீகாவுக்கு என்ன எண்?

— உட்காருங்க சிஸ்டர். காப்பி சொல்லட்டுமா?

— உட்காரத்தான் மலையிலேருந்து ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு சான் ஹுவானுக்கு வந்தேனா? எங்க மலை ஆஸ்பத்திரிக்கு வர்ற சனம் வாயால சொல்ற நோவையெல்லாம் எண்ணா மாத்தி கம்ப்யூட்டர்ல ஏத்தின லியாந்த்ரோ நீங்கதானே?

— நான்தான். அதாவது, நான் மட்டும் இல்ல, ஒரு குழு.

— குழுவைத் தூக்கிக் குப்பையில போடுங்க. ஃபத்தீகாவுக்கு என்ன எண் போட்டீங்க?

— ஃபத்தீகாவா? களைப்புக்கு உள்ள எண். அகராதியில அப்படித்தானே இருக்கு?

— எந்த அகராதி? உங்க அர்ஜென்டினா அகராதியா?

— அதாவது, ஸ்பானிஷ் பேசுற எல்லா நாட்டுக்கும் ஒரே சொல், ஒரே எண். அப்பத்தான் எந்த ஆஸ்பத்திரியில திறந்தாலும் ஒரே அர்த்தம். அந்த எண்ணை வெச்சுத்தான் என்ன வைத்தியம் பண்ணணும்னு திரையில தானா வரும்.

— வந்துச்சே, நல்லா வந்துச்சு! நெய்ஷான்னு அஞ்சு வயசுக் குழந்தை. "பாப்பாவுக்கு ஃபத்தீகா"ன்னு அவ அம்மா சொன்னா, பதிவு மேஜையில அதையே தட்டினாங்க. ரத்தம் சோதி, இரும்பு டானிக் கொடு, ஓய்வெடுக்கச் சொல்லுன்னு வந்துச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை!

— களைப்புக்கு அதுதானே சரி, சிஸ்டர்?

— அட என் கடவுளே! எங்க புவேர்த்தோ ரீக்கோவில ஃபத்தீகான்னா களைப்பு இல்லப்பா, இழுப்பு! மூச்சு இழுப்பு! தெருவுல விளையாடுற பிள்ளையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.

— டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுப் பார்த்திருப்பாரே?

— பகல்ல இழுப்பு அடங்கித்தானே இருக்கும்? காலையில நாப்பது பேர். திரை சொன்னதைச் செய்யலைன்னா ஏன்னு காரணம் வேற எழுதணும். அந்த மனுஷன் திரையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்க்கல. நான் பாவி, மக பிரசவத்துக்குன்னு லீவு போட்டுட்டுப் போயிருந்தேன்.

— இப்ப எப்படி இருக்கா?

— உதடு நீலம் பாரிச்சுப்போய் வந்தா. நான்தான் தூக்கிக்கிட்டு ஓடினேன். ஐசியூவில மெஷின் மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. "நான் சரியாத்தானே சொன்னேன் சிஸ்டர், மூணு தடவையும் சரியாத்தானே சொன்னேன்"னு அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. நீ வந்து பதில் சொல்றியா?

— மன்னிச்சிருங்க. நிச்சயமா மாத்தணும். அதாவது, திருத்தக் குழு செப்டம்பர்ல கூடும். நீங்க ஒரு மனு எழுதிக் கொடுத்தா...

— செப்டம்பரா? அதுவரைக்கும் இழுப்புக்கு டானிக் ஊத்தச் சொல்றியா? வயிறு எரியுது தம்பி. இன்னிக்கு மாத்து. இப்பவே, என் கண்ணு முன்னால மாத்து.

— எனக்கு அந்த அதிகாரம் இல்ல, சிஸ்டர்.

— போடும்போது மட்டும் இருந்துச்சா? இந்த ஊருக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு உனக்கு?

— எட்டு மாசம்.

— எட்டு மாசம்! ரொட்டி வாங்குற கடையில, பக்கத்து வீட்டுல, யார்கிட்டயாவது "இதுக்கு இங்க என்ன அர்த்தம்"னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டா வாய் வலிக்குமா? என்னப்பா, ஏன் எழுந்திருக்கிறே? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?

— சிஸ்டர், உங்க கார் வாசல்லதானே நிக்குது? காலையில என் பிள்ளையைப் பார்த்துக்கிற இந்த ஊர் அம்மா போன் பண்ணாங்க. குட்டிப் பையனுக்கு ஃபத்தீகான்னாங்க. தூங்க வைங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்.