கடைசி அரை மணி

உட்கார நல்ல நாற்காலி கொடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர், நன்றி. வேலை நாளில் நான் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

எங்கள் டயாலிசிஸ் மையம் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதலாளி வேறொருவர், தலைமைத் தாதி நான். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, இரத்தம் சுத்தமாக நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பார்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று பிரிவு. தாதிகள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்குப் போனார்கள். போனவர்களின் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. என் வீடு பூச்சோங்கில். பல நாள் வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்கத் தெம்பில்லாமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறேன். நெஞ்சு படபடக்கும். பிள்ளைகள் வாயைத் திறந்தால் எரிந்து விழுவேன்.

ஆள் கேட்டேன். முதலாளி ஆள் எடுப்பதற்குப் பதில் என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். நேர நிர்வாகம், மன அழுத்தம், அந்த மாதிரி. பாடம் நடத்திய பெண் கெட்டிக்காரி. "நேரத்தை யாராலும் உண்டாக்க முடியாது. உங்கள் நாளில் எது சும்மா ஓடுகிறது என்று பாருங்கள், அதை வெட்டுங்கள்" என்றார். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் கவனித்தேன். கடைசி அரை மணியில் யாரும் எதுவும் செய்வதில்லை. நோயாளிகள் குறட்டை விடுகிறார்கள், மெஷின் சுற்றுகிறது, நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறோம். அதை வெட்டினேன். புது ஃபில்டர், சீக்கிரம் சுத்தமாகிவிடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். கோப்பில் நான்கு மணி நேரம் என்றே எழுதினோம். அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்ட மாதிரி அவ்வளவு சந்தோஷம். அந்தத் தீபாவளிக்கு எனக்கு வந்த முறுக்கு டின்களை வைக்க இடமில்லை. நானும் பிள்ளைகள் தூங்குமுன் வீடு போய்ச் சேர்ந்தேன். பிறகு இன்னொரு தாதியும் போனாள். இன்னொரு அரை மணியையும் எடுத்தேன்.

நீங்கள் இராஜம்மாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பாசாரில் கீரை விற்றவர். மகள் விஷ்ணுப்ரியா தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுக்க இருந்தாள். எல்லாம் பொருந்தி, அறுவைக்குத் தேதியும் கிடைத்திருந்தது. அதுவரை இரத்தம் கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும் உப்பு அது. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் கோப்பைப் புரட்டினார். நான்கு மணி நேரமும் முழுசாக நடந்திருக்கிறது, அப்படியென்றால் சாப்பாடுதான் காரணம் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

"வாயக் கட்டுங்க இராஜம்மா. இப்படியே போனா ஆபரேஷனத் தள்ளிருவாங்க" என்றேன், மகள் முன்னாலேயே.

அவர் தக்காளியை விட்டார், உருளைக்கிழங்கை விட்டார், தான் விற்ற கீரையையே தொடாமல் இருந்தார். அடுத்த மாதமும் ஏறியிருந்தது. ஒரு நாள் மெஷினில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, ஒன்னு சொல்றேன், ப்ரியாகிட்ட சொல்லிராதீங்க. பக்கத்து வீட்டுல ஒரே ஒரு சுளை டுரியான் சாப்பிட்டேன். அதனாலதான் ஏறுதா?"

"அதனாலதான்" என்றேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன். மகளிடம் சொல்வது கடமை என்று பட்டது. சொன்னேன்.

விஷ்ணுப்ரியா கட்டிலருகே வந்து நின்றாள். "என் உடம்பையே அறுத்துக் குடுக்கறேன். உனக்கு ஒரு சுளைய விட முடியலயாம்மா?" இராஜம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கும் மூன்று மணி நேரத்தில் ஊசியைக் கழற்றினோம். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் லோகன் மட்டும், "சிஸ்டர், இவங்களுக்காவது முழுசா ஓட்டலாம்லா" என்றார். ஒருவருக்கு ஓட்டினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நான் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்த இராஜம்மா அப்படியே சரிந்தாராம். இதயம் நின்றுவிட்டது. துக்க வீட்டுக்குப் போனேன். விஷ்ணுப்ரியா என்னைக் கட்டிக்கொண்டு, "நான் திட்டிட்டேன் மிஸ்ஸி. அப்புறம் அவங்ககூட பேசவே இல்ல" என்று அழுதாள்.

"அழாதம்மா. வாயக் கட்ட முடியாதவங்கள நாம என்ன செய்ய முடியும்?" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லோகன் உங்களிடம் வந்து சொன்னதில் எனக்குக் கோபமில்லை. ஆமாம், இராஜம்மாவின் நேரத்தை எடுத்தது நான்தான். அது உயிரை எடுக்கும் என்று படித்தவளுக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். ஆனால் களைத்துப் போனவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

வேறு யாரும் இறந்தார்களா? இறந்தார்கள். சிறுநீரக நோயாளிகள் இறக்கத்தான் செய்வார்கள். ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தால் இருட்டிவிடும். நீங்களும் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. வீட்டில் தேடுவார்கள். இதுவரை கேட்டது போதும், இன்ஸ்பெக்டர். மீதியை நான் சொன்னதாக நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.