பத்தாவது ராஜினாமா

தலைமை ஏற்று மேடைக்குப் பெருமை சேர்க்கும் பேண்டேஜ் ஆலை அதிபர், அண்ணாச்சி கருத்தையா அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியோர்களே! ஷிப்டு முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் ஆலைத் தாய்மார்களே! அருமைத் தோழர்களே! அனைவரையும் நெஞ்சாரக் கைகூப்பி வணங்குகிறேன்!

சென்ற ஆண்டு எங்கள் இராஜபாளையம் மென்பொருள் அலுவலகத்தில் பதினான்கு பேர். மேலாளர் நான். மூன்றே மாதத்தில் என் மேசைக்கு வந்த ராஜினாமாக்கள் ஒன்பது! ‘பத்தாவது வந்தால் இழுத்து மூடுவோம்’ என்றது தலைமையகம்.

சம்பளத்தைக் கூட்டினேன், நின்றார்களா? ஏசி மாட்டினேன், நின்றார்களா? வெள்ளிதோறும் பால்கோவா வாங்கி வைத்தேன். தின்று, கையைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை நீட்டினார்கள்! சிரிக்காதீர்கள் தங்கப்பாண்டியன், இரண்டு துண்டு தின்றுவிட்டுக் கடிதம் நீட்டியவர் நீங்கள்தானே!

பத்தாவது கடிதத்தோடு வந்தார் யுவராணி, தேவதானத்து விவசாயி மகள். “என்ன குறை?” என்றேன்.

“சம்பளத்துல குறையில்ல சார். மூணு வருசமா திரையில ஒரே பொத்தானச் சோதிச்சுக்கிட்டு இருக்கேன். அத யாரு அமுக்குதா, எதுக்கு அமுக்குதான்னே தெரியல. எங்கய்யாகூட விதைச்ச வயலத்தான் அறுக்காரு.”

சுரீர் என்றது எனக்கு! வேலையைக் கூறுபோட்டு ஆளுக்கொரு துண்டாய்க் கொடுத்த பாவி நான்தானே! ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். “தேவையைக் கேட்பதும் நீ, எழுதுவதும் நீ, சோதிப்பதும் நீ, சரியில்லையென்றால் வசவு வாங்குவதும் நீ” என்று சொல்லி, எங்கள் மென்பொருள் ஓடும் அண்ணாச்சியின் செட்டியார்பட்டி பேண்டேஜ் ஆலைக்கு அனுப்பினேன்.

அங்கே பொதி கட்டும் அங்காளம்மாள், கையுறை மாட்டிய விரலுக்கு அகப்படாத, தொடுதிரையின் அதே சின்னப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நாளுக்கு நூறு தடவை! யுவராணி பத்தே நாளில் பொத்தானைப் பெரிதாக்கி, அந்தத் திரையையே மாற்றி எழுதினார். கையுறையோடு தொட்டார் அங்காளம்மாள், வேலை முடிந்தது!

“ஏட்டி, நீ செஞ்சதா? இத்தன நாளா எம்புட்டு வஞ்சிருப்பேன் தெரியுமா!”

“நாந்தான் அத்த. இனிமே வையாதிய!”

அன்று மாலை யுவராணி தம் கடிதத்தைத் தாமே கிழித்தார். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அன்றுமுதல் எல்லோருக்கும் முழு வேலை, முழுப் பொறுப்பு. ஓராண்டாக ஒருவர் போகவில்லை. போனவர்களில் நால்வர் திரும்பினார்கள். ஆமாம் தங்கப்பாண்டியன், உங்களையும் சேர்த்துத்தான்!

மூடவிருந்த இடத்திலிருந்து முளைத்து, இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாவது அலுவலகம் திறக்கிறோம்! அதன் மேலாளர் யுவராணி! ரிப்பனை அமைச்சர் வெட்டுவாரா, அண்ணாச்சி வெட்டுவாரா என்று கேட்டீர்களே? பயன்படுத்துகிறவர் திறக்கட்டும், படைத்தவர் பக்கத்தில் நிற்கட்டும்! கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் அங்காளம்மாள் அவர்களே, மேடைக்கு வாருங்கள், கத்தரிக்கோல் உங்களுக்குத்தான்!

செவி கொடுத்த சபைக்கு என் நன்றி, நிறைந்த வணக்கம்!