இடைவேளைக்குப் பின் எட்டு நிமிடம்

கல்வராயன் மலைக்காற்றும் கோமுகி ஆற்றுநீரும் குளிர்விக்கும் கள்ளக்குறிச்சியில், பொன்மலர் திரையரங்கின் மேலாளராக முப்பத்தாறு ஆண்டுகள் பொறுப்பாற்றி இன்று பணி நிறைவு காணும் பண்பாளர் திரு. இன்னாசி அவர்களே! குறும்படங்களின் கொற்றவரே! வெண்திரையில் விருந்து படைத்த வித்தகரே! வணங்குகிறோம்.

தாங்கள் பணியேற்ற நாளில், அரசின் செய்திப்படத்தைக் காட்டிய பிறகே பெரிய படம் தொடங்க வேண்டும் என்பது விதி. ஊராருக்கோ அது தேநீர் வேளை. "படம் போட்டாங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். "நியூஸ் ரீலுதாம்பா ஓடிக்கினு கீது, பொறுமையா குடி!" என்று மறுகுரல் வரும். ஆனால், மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கும் வெள்ளிமலைப் பேருந்து நாள்தோறும் பத்து நிமிடம் தாமதம் என்பதையும், மலைமக்களுக்குப் பெரிய படத்தின் தொடக்கத்தைக் காத்துத் தருவது அந்தச் செய்திப்படமே என்பதையும் கண்டறிந்த கண்கள் தங்களுடையவை!

விதி விலகியது, செய்திப்படம் நின்றது. அப்போதும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கள் கைவிடவில்லை. இளைஞர் எடுத்த குறும்படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிட்டீர்கள். படச்சுருள் போய் வன்தட்டு வந்தபோதும் விடவில்லை. "நான் வரும் வழியில் உன்னை யார் பார்ப்பார்?" என்று தேன்சிட்டைக் கேட்டதாம் யானை. "உனக்காகக் காத்து நிற்கும் அத்தனை பேரும்!" என்றதாம் சிட்டு. அந்தச் சிட்டின் துணிவே தங்கள் துணிவு!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வெள்ளிமலையிலிருந்து சாமை விற்க வந்து மதியக் காட்சிக்கு நுழைந்த தங்கமணி அம்மாள் தங்களை வழிமறித்தார். "இன்னா சார் நாயம் இது? நாங்க வந்து ஒக்காந்தா அந்தக் குட்டிப் படம் முடிஞ்சி போவுது. மலைக்காரங்களுக்கு மட்டும் அது கெடையாதா?"

யாருக்காக அந்தப் பத்து நிமிடத்தைக் காத்தீர்களோ, அவர்களே குறும்படத்தைக் கண்டதில்லை! மறுநாளே இடைவேளை விளம்பரங்களைப் பெரிய படத்துக்கு முன்னே தள்ளி, குறும்படத்தை இடைவேளைக்குப் பின் வைக்கத் துணிந்தீர்கள். உரிமையாளர் திரு. தனசேகரன் அவர்கள் சினந்தார். "மொதல்ல போட்டா விளம்பரத்த எவன் பாப்பான்? ஒரு காட்சி பாக்கறேன், இன்னாசி. பத்துப் பேரு எழுந்தாலும் சரி, அன்னியோட குறும்படமே கெடையாது!"

அந்த வெள்ளிக்கிழமையை மறப்போமா! நைனார்பாளையத்துச் சுபஸ்ரீ எடுத்த எட்டு நிமிடப் படம். மலை வளைவில் ஏறும் பேருந்தும் இறங்கும் ஜீப்பும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. பின்வாங்க ஓட்டுநர் இருவருக்கும் மனமில்லை. மூன்றாம் நிமிடத்தில், ஐயகோ, தங்கமணி அம்மாளே எழுந்தார்! பத்தில் ஒன்று என்று எண்ணத் தொடங்கினோம். அவரோ திரையை நோக்கிக் கைநீட்டி, "யோவ் ஜீப்பு! ஏர்ற வண்டிக்கு வழி வுடுய்யா!" என்றார். "பின்னால எடுடா!" என்று பால்கனி எழுந்தது. பத்துப் பேரா எழுந்தார்கள்? அரங்கமே எழுந்தது! கடைசி வரிசையில் உரிமையாளரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். "எல்லாரும் எழுந்தாங்க, ஒருத்தனும் வெளிய போவலையே! நடத்துய்யா!" என்று தங்கள் தோளைத் தட்டினார்.

அன்றுமுதல் நானூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்கள்! சுவரொட்டியில் நாயகன் பெயருக்குக் கீழே அவற்றின் பெயர்களும் ஏறின. திரையரங்கு உள்ளவரை இடைவேளைக்குப் பின் எட்டு நிமிடம் குறும்படத்துக்கே என்று உரிமையாளர் நேற்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டார். வெற்றி தங்களுடையது!

தங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் தாங்கள் தனியாளாய்ச் செய்த தேர்வுக்கு இம்முறை நாங்கள் நால்வர் அமர்ந்தோம். மூன்று நாள் சண்டையிட்டோம். இறுதியில் ஒரு படத்தைத் தேர்ந்துவிட்டோம். பெயரைச் சொல்லமாட்டோம்.

நோயற்ற உடலும் நிறைவான உள்ளமும் பெற்றுத் தாங்கள் துணைவியாரோடு நெடுங்காலம் நலமுற வாழ்க! வரும் வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு வாருங்கள். எங்கள் தேர்வு சரிதானா என்று, எழுந்து நின்று சொல்லுங்கள்!

என்றும் தங்கள் அன்பில்,
பொன்மலர் திரையரங்கப் பணியாளர்கள்,
கள்ளக்குறிச்சி.