லார்க்குக்கு ஆள் தேவை

வரலட்சுமி: ...அழுதது போதும் சாமி. கம்பெனிக்காரன் கடையை மூடிட்டான், நம்ம கம்ப்யூட்டரை ஓட்டுற லார்க் போச்சு. நாமளே திரும்பக் கட்டலாம்னு நேத்து ரயில்ல வர்றப்போ துள்ளிக் குதிச்சது யாரு?

ஸ்ரீகண்டன்: நான்தான். அதுக்குன்னு ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ரெண்டே பேர்...

வரலட்சுமி: ரெண்டு பேரா? லார்க் குழுவுக்கு ஒரு மெயில் போடு. உலகத்துல இருக்கிற லார்க் பைத்தியம் எல்லாம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மாதிரி வந்து நிக்கும். சம்பளம் கிடையாது, எழுதுறது எல்லாருக்கும் சொந்தம். தட்டு, தட்டு. நெட் லைன் கட்டாயிடப் போவுது.

ஸ்ரீகண்டன்: தட்டறேன். "அன்புள்ள லார்க் நண்பர்களுக்கு, நிகழும் ஆகஸ்ட் மாதத்தில்..." கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கோ?

வரலட்சுமி: கீது. பரவால்ல, மேல போ.

ஸ்ரீகண்டன்: முதல் விதி. லார்க்கோட அசல் புரோகிராமைக் கண்ணால பார்த்தவா இதுல ஒரு வரிகூட எழுதக் கூடாது.

வரலட்சுமி: ...அது எதுக்கு?

ஸ்ரீகண்டன்: பார்த்து எழுதினா திருட்டும்பான். கேஸ் போட்டா அத்தனை பேர் உழைப்பும் குப்பைக்குப் போகும். லார்க் எப்படி நடந்துக்கறதுன்னு வெளியில இருந்து பார்த்து, நாமளா புதுசா எழுதணும்.

வரலட்சுமி: ருசியே பாக்காம சமைக்கச் சொல்றே.

ஸ்ரீகண்டன்: எங்காத்துல அதுதானே வேலை! அப்பா முப்பது வருஷமா மலை மேல மடப்பள்ளியில பொங்கல் பண்றார். சுவாமிக்குக் காட்டறதுக்கு முன்ன ஒரு பருக்கை நாக்குல பட்டதில்லை. உப்பு ஒருநாள் தப்பினதில்லை.

வரலட்சுமி: தப்பியிருந்தா முருகன் வாயைத் தொறந்து சொல்லப்போறாரா?

ஸ்ரீகண்டன்: அவர் சொல்லமாட்டார். தொன்னையோட நிக்கற உங்க பெரியம்மா சொல்லுவா.

வரலட்சுமி: ஆங், அது சொல்லும்... சரி, எவ்ளோ பாத்தா பாத்ததாக் கணக்கு?

ஸ்ரீகண்டன்: ஒரு பக்கம் பார்த்தாலும் பார்த்ததுதான்.

வரலட்சுமி: சும்மா, மேலாப்புல...

ஸ்ரீகண்டன்: எச்சில்ல என்ன மேலாப்பு?

வரலட்சுமி: கேட்டேம்பா, கோச்சிக்காதே. வேலையைப் பிரிப்போம். கெர்னல்தான் இதுக்கு உசுரு. அது உனக்கு.

ஸ்ரீகண்டன்: எனக்கா? நீ எடுத்துக்கோ. காலேஜ்ல முதல் ராங்க் நீதானே?

வரலட்சுமி: எனக்கு வாணாம். நான் ஐகான் போடறேன். எங்க நைனா தறியில நெய்யற முந்தானைக்குக் கட்டம் போட்ட பேப்பர்ல மயில் போடுவாரே, அந்த மாதிரி குட்டிக் குட்டியா...

ஸ்ரீகண்டன்: முதல் ராங்க் வாங்கிட்டு மயில் வரையப் போறியாக்கும்!

வரலட்சுமி: நீ என்னா எடுத்துக்கிறே, அதைச் சொல்லு. ஃபைல் சிஸ்டம்?

ஸ்ரீகண்டன்: நான்... உதவிப் புத்தகம் எழுதறேன்.

வரலட்சுமி: யோவ்! பிரிண்டராவது?

ஸ்ரீகண்டன்: வர்ற மெயிலுக்கெல்லாம் பதில் போடறேன்.

வரலட்சுமி: டீ வாங்கியாந்து குடுப்பியா? ஆரம்பிக்கிறதே நாம ரெண்டு பேரு. நாமளே ஒரு வரி எழுதலைன்னா எவன் நம்பி வருவான்?

ஸ்ரீகண்டன்: அதேதான் எனக்கும் பயம்...

வரலட்சுமி: இன்னா முழிக்கிறே? சொல்லு.

ஸ்ரீகண்டன்: வரலட்சுமி, இதை எழுதறதைவிட எனக்கு வேற ஆசை கிடையாது. ஆனா முடியாது. சென்னையில ஆறு மாசம் வேலை பார்த்தேனே, அங்க லார்க்தான் வேலை. அசலை வரி விடாம படிச்சிருக்கேன். வெளியில மூச்சு விடப்படாதுன்னு கையெழுத்து வாங்கிண்டா. நான் போட்ட விதியில நானே முதல் பலி. நீ நடத்து, நான் ஒதுங்கிக்கறேன்... ஏன் சிரிக்கறே?

வரலட்சுமி: ஒண்ணுமில்ல. மெயிலை அப்பவே அனுப்பிட்டேன்.

ஸ்ரீகண்டன்: அடிப்பாவி! கெர்னலுக்கு ஆள் இல்லாமயா?

வரலட்சுமி: பேசிக்கினு இருக்கும்போதே பதில் வந்துடுச்சு, பாரு. ஃபின்லாந்துல ஒரு வாத்தியார். கெர்னல் நான் எழுதறேன், அசலைப் பாத்ததே இல்ல, ஆனா சரியா ஓடுதான்னு சோதிச்சுச் சொல்ல லார்க்கோட பழகினவங்க வேணும், கிடைப்பாங்களான்னு கேக்கறார்.

ஸ்ரீகண்டன்: சோதிக்கறதா? அது தாராளமாப் பண்ணலாமே! எழுது, எழுது... ஒரு ஆள் இருக்கான்னு எழுது!

வரலட்சுமி: ரெண்டு ஆளுன்னு எழுதிட்டேன். போன வருஷம் அரக்கோணம் ஸ்டேஷன்ல, என்னான்னு சொல்லாம ஒரு சிடி குடுத்தியே, ஒரு வாரம் வெச்சிரு, தொறக்காதேன்னு... மறுநாளே லீவு போட்டுட்டு அதுல இருந்த லார்க் அசல் மொத்தத்தையும் படிச்சுட்டேன் சாமி!