கறுத்துப்போன வெள்ளிக்காசு

இந்த ஜெயிலில் காலையில் ஊற்றுகிற சோளக்கஞ்சி பரவாயில்லை அய்யா. உப்புதான் கொஞ்சம் கம்மி. எங்கள் தீவில் அடுத்தவர் கைச்சோறு எனக்கு இறங்காது. இங்கே இறங்குகிறது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. தெரியாதவன் எதற்கு எனக்குக் கேடு வைக்கப் போகிறான்?

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பிரிஸ்டோ. வயது எழுபது இருக்கும், மேலேயும் இருக்கலாம். எனக்கு எழுதப் படிக்க வராது. அதனால் நான் சொன்னதைத்தான் எழுதினீர்களா என்று கடைசியில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

லைமஸ் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். காசைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் மந்திர வேலையை நீங்கள் ஹூடு என்கிறீர்கள். நாங்கள் வேர் என்போம். என் தாத்தாவின் அப்பா ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு வந்தவர். உடம்பில் கோவணம்கூட அவருடையது இல்லை. ஆனால் தலைக்குள் இருந்ததை எவனாலும் பிடுங்க முடியவில்லை. காலடி மண்ணை எடுத்து ஓர் ஆளை முடக்குவது எப்படி, முடக்கினதை அவிழ்ப்பது எப்படி, எல்லாம் வைத்திருந்தார். இந்தக் காட்டு வேர்களை இந்த மண்ணின் பழைய ஆட்களிடம் கேட்டுக்கொண்டார். பைபிளிலிருந்து சங்கீதங்களைச் சேர்த்துக்கொண்டார். சாட்டை வைத்திருந்தவன்மேல் பிராது கொடுக்க எங்களுக்கு எந்தக் கோர்ட்டு இருந்தது? வேர்தான் இருந்தது.

வெள்ளிக்காசு கதை சின்னதுதான். காசில் ஓட்டை போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். எவனாவது நமக்கு வைத்த பொடியை நாம் மிதித்துவிட்டால் காசு கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

என் காசைக் கட்டிவிட்டவனே லைமஸ்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படகு செய்த வருஷம் அது. ஆணியால் ஓட்டை போட்டு, சிவப்பு நூலில் கோத்து, என் காலை அவன் மடியில் வைத்துக் கட்டினான்.

"கறுத்துச்சுன்னா நேரா எங்கிட்ட வாடா. வெச்சவன் எவன்னு ரெண்டு பேருமா சேந்து பாத்துக்கலாம்."

நாற்பது வருஷத்துக்கு மேல் அது கறுக்கவில்லை. ஒரே படகு, ஒரே சிப்பித் திட்டு, ஒரே புகையிலைச் சுருள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அவனும் அவன் மனைவி ஹேகரும்தான்.

போன குளிர்காலத்தில் என் கால் வீங்கியது. எனக்குச் சந்தேகம் வந்தது. காவலுக்காகத் தினமும் காலையில் பூட்ஸுக்குள் கந்தகப் பொடி போட ஆரம்பித்தேன். கந்தகம் இருந்தால் கேடு அண்டாது, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பத்து நாளில் காசு கறுத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நாலு நாளில் மறுபடி கறுத்தது. கந்தகத்தையும் தாண்டி வருகிறது என்றால் வைக்கிறவன் லேசுப்பட்டவன் இல்லை. கந்தகப் பொடியை இரண்டு மடங்காக்கினேன். இரண்டே நாளில் கரியாகிவிட்டது.

அக்கரைக்குப் போய் வேர்க்காரரைப் பார்த்தேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தினம் உன் பின்னாடி நடக்கறவன் யாரு?"

"லைமஸ்தான் பெரியவரே."

"நான் பேரு சொல்லல, பாத்துக்கோ. நீதான் சொன்ன."

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். ஒருநாள் சேற்றில் நான் முன்னால் நடக்க, அவன் என் காலடித் தடத்தில் குனிந்து எதையோ அள்ளி வாளியில் போட்டான். கேட்டதற்கு, "உன் பாதம் பட்ட எடத்துல மட்டி கெடக்குதுடா, ராசிக்காரா" என்றான். வாளியில் மட்டி இருந்தது. மண்ணும் இருந்தது.

மார்ச் மாதம், வெயில் ஏறின நேரம். கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றியிருந்தது. திட்டில் இறங்கிச் சிப்பி வாரினோம். தண்ணீர் திரும்பும் நேரம் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். திட்டு முழுகினால் இரண்டு ஆள் ஆழம். லைமஸுக்கு நீந்தத் தெரியாது. அவன் குனிந்து வாரிக்கொண்டிருந்தபோது நான் படகில் ஏறித் தள்ளிக்கொண்டு போய், குரல் கேட்கும் தூரத்தில் நிறுத்தினேன்.

"டேய் கெழவா, எங்கடா போற? ஒண்ணுக்கு வந்தா இங்கியே போகவேண்டியதுதான. புதுசா என்ன வெக்கம்?"

"என் காலுக்கு என்னடா வெச்ச?"

"உன் காலுக்கு வயசாச்சுடா. எங்கால வந்து பாரு, பூசணிக்கா மாதிரி இருக்கு."

"காசு கறுக்குது."

அவன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"இத்தன நாளா இதத்தான் மனசுல வெச்சிக்கிட்டு உம்முனு திரிஞ்சியா? பூட்ஸுல கந்தகத்தக் கொட்டினா வெள்ளி கறுக்காம மினுங்குமா? ஹேகரக் கேளு. தொரசாணி வீட்டுல முட்ட பட்டுக் கறுத்த வெள்ளிக் கரண்டியத் தேச்சுத் தேச்சே அவ கையி தேஞ்சுபோச்சு. முட்டையும் இதே நாத்தந்தாண்டா."

கள்ளம் இல்லாதவன் பதிலைத் தயாராக வைத்திருப்பானா அய்யா? நான் துடுப்பை எடுக்கவில்லை.

முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது சிரிப்பை நிறுத்தினான். இடுப்புக்கு வந்தபோது சிப்பிச் சாக்கைக் கீழே விட்டான்.

"பிரிஸ்டோ. பத்து நாளு கந்தகம் போடாம இருந்து பாருடா. அப்பவும் கறுத்துச்சுன்னா நானே வந்து இந்தத் திட்டுல நிக்கறேன். ஹேகர் மேல சத்தியம்."

பத்து நாள் என்னைக் காவலில்லாமல் இருக்கச் சொல்கிறான். எத்தனை தந்திரம் பாருங்கள். அன்றைக்கு அவன் மடியில் என் காலை வைத்துக் காசைக் கட்டிவிட்டவன். அதை நினைத்துத்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

கழுத்து வரும்வரை என் பேரைச் சொன்னான். பிறகு சொல்லவில்லை. தொப்பி என் பக்கம் மிதந்து வந்தது. எடுத்து, உலர்த்தி, ஹேகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். அவள்தான் உங்கள் ஆட்களுக்குச் சொல்லியனுப்பினாள்.

நான் அவனைத் தொடவில்லை. ஆனால் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். அதையும் சேர்த்து எழுதுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை.

உள்ளே வந்த அன்றைக்கே பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வெறுங்கால். கந்தகம் கேட்டேன், கொடுக்கவில்லை. காசை மட்டும், கிழவன் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அடுப்புச் சாம்பல் வாங்கி ஒரே ஒரு முறை தேய்த்தேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, அது போகட்டும். லைமஸ் கேட்டது பத்து நாள். நான் நாற்பத்தொரு நாள் பார்த்துவிட்டேன். கொஞ்சம் குனிந்து பாருங்கள் அய்யா. காவல் என்று ஒரு சிட்டிகைப் பொடி இல்லை, அப்படியும் ஒரு பொட்டுக் கறுப்பு உண்டா? வைத்தவன் செத்தான், காசு வெளுத்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் உங்களுக்கு?